பொழுது சாய்ந்தபின் எழுதிய பெயர்

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் சாலையில் உள்ள சந்திரப்பிரபா மல்லாட்டை மண்டியில், சித்திரை மாதத்து ஒரு புதன்கிழமை காலை, அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்களாகிப் போனார்கள். அன்று வேர்க்கடலை வரத்து சுமார். விலை முந்தின நாளைவிடச் சற்று இறக்கம். மண்டி முதலாளி ஜினபாலன், தன் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த இளைஞனைப் பார்த்து, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். முதலாளிக்காகக் காத்திருப்பதாக அவன் சொன்னான். அவன் அவருடைய ஒரே மகன் தர்மேஷ். மண்டிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருக்கும் வீட்டிலிருந்து மோர்ப் பானையோடு வந்த குணமதி, யாருக்கு ஊற்றுவது என்று தெரியாமல் படியிலேயே நின்றாள். அவள் ஜினபாலனின் மனைவி. கணக்கு பார்க்கும் அருணா அவளை விவசாயி என்று நினைத்து, “எந்த ஊரு சரக்கும்மா உங்களுது?” என்று கேட்டாள். யாருக்கும் தன் பெயர் மறக்கவில்லை, தொழிலும் மறக்கவில்லை. மல்லாட்டைப் பயறை வாயில் போட்டுக் கடித்து ஈரம் சொல்லத் தெரிந்தவர்களுக்கு அது தெரிந்தபடியே இருந்தது. எதிரில் நிற்பவர் யார் என்பது மட்டும் போயிருந்தது.

எல்லோருக்கும் பாரூக்கை மட்டும் தெரிந்திருந்தது. பாரூக் கோட்டக்குப்பத்து வியாபாரி. வளைகுடா நாடுகளுக்குப் பயறு அனுப்புகிறவர். சரக்கு பார்க்க வந்து வாசலில் வண்டியை நிறுத்தியதும், உள்ளே இருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தெரிந்த முகம் ஒன்று கிடைத்த ஆறுதலில் சரக்கு கொண்டுவந்திருந்த கொல்லைக்காரர் ஒருவர் அழுதேவிட்டார். அந்த மண்டியில் அதற்கு முன் பாரூக்குக்கு அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் ஆள் என்றுதான் பெயர். அவர் கொஞ்சநேரம் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு ஜினபாலன் தன் மனைவியிடம் மோர் என்ன விலை என்று விசாரித்ததைக் கேட்டதும், ஓரமாகப் போய் அந்த வீட்டு மருமகளுக்கு போன் போட்டார்.

மருமகள் ஹர்ஷினி அப்போது முண்டியம்பாக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுடைய அம்மா கலைமதிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, அன்று காலைதான் கட்டுப் பிரித்திருந்தார்கள்.

“தங்கச்சி, இங்க ஒரே பேஜாரா கீதும்மா. யாருக்கும் யாரையும் தெரியல. உன் வூட்டுக்காரன் என் கையப் புடிச்சிக்கினு வுட மாட்டேங்கிறான்.”

“மாமா இன்னா சொல்றாரு பாய்?”

“அந்தப் பெரியவரு யாருன்னு உங்க அத்தை என்னக் கேக்குது. நான் இன்னான்னு சொல்லட்டும்?”

“பாய், ஆபீசுக்குப் பின்னாடி ஏசி ரூம் கீது இல்ல, அதுல பொட்டில பச்ச லைட்டு எரியுதான்னு பாருங்க.”

பாரூக் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “பச்சையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சேப்பாதான் கீது. ஜல்தியா வா.”

ஆறேழு வருடங்களுக்கு முன் அந்தப் பொட்டியிலிருக்கும் சர்வர் மண்டிக்கு வந்தபோது மூட்டை, எடை, விலை இவற்றை மட்டுமே பார்த்துக்கொண்டது. பிறகு ஆட்களின் வருகை, யாருக்கு எந்தக் கதவு திறக்க வேண்டும், எந்த விவசாயி யாருடைய உறவு என்று ஒவ்வொன்றாக அதனிடம் போனது. ஒரு கட்டத்தில், மனிதர்களை அடையாளம் வைத்துக்கொள்ளும் வேலையையும் மண்டி அதனிடமே விட்டுவிட்டது. எந்த நாளில் அது நடந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. அருணாதான் ஒருமுறை, லீவு நாளில் கடைத்தெருவில் முதலாளியைப் பார்த்தால் சட்டென்று யார் என்று பிடிபடுவதில்லை என்று சொன்னாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாரூக்கின் பெயர் அந்த சர்வரில் இல்லை. வெளி வியாபாரிக்கு எதற்கு என்று ஜினபாலன் போடவில்லை. அதனால்தான் அவர் தப்பினார். அன்று காலை வளாகத்துக்கு வெளியே இருந்ததால் ஹர்ஷினிக்கும் யாரும் மறக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் ஹர்ஷினிக்கு விழுப்புரத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அரிசி ஆலைகள், ஜவுளிக்கடைகள் இவற்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. அதனால் வந்திருப்பது என்ன வியாதி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு சர்வருக்கும் உள்ளே அதற்கென்றே சில டேட்டாபேஸ்கள் உண்டு. மற்ற டேட்டாபேஸ்கள் ஊரார் சரக்கு என்றால், இவை கிடங்கின் சுவர். மாஸ்டர் என்பது யார் யார் உள்ளவர்கள், எது எங்கே இருக்கிறது என்பதை வைத்திருப்பது. மாடல் என்பது அச்சு. புதிதாக எது உண்டானாலும் அதைப் பார்த்துத்தான் உண்டாகும். இன்னொன்று, எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்று நினைவூட்டிக்கொண்டிருப்பது. கடைசி ஒன்று தினப்படி வேலைக்கான கரும்பலகை; சர்வர் எழும்போதெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். இவற்றில் மாஸ்டர் கெட்டால், மற்ற எல்லாம் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தாலும் சர்வர் கண் திறக்காது. சரக்கு இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், இன்னாருடையது என்று சொல்ல நாதி இருக்காது. கோடைக்கு மின்சாரம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. இன்வெர்ட்டர் ஒரு நொடி தாமதித்திருக்கிறது. அந்த நொடியில் மாஸ்டர் எழுதிக்கொண்டிருந்த பக்கம் பாதியில் நின்றுபோனது.

கிளம்பும்போது கலைமதி மகளின் முகத்தைப் பிடித்துத் திருப்பி, “இந்த மச்சம் உனக்கு எப்ப வந்துச்சி?” என்று கேட்டாள். பிறந்ததிலிருந்தே இருப்பதாக ஹர்ஷினி சொன்னாள். “இத்தினி நாளு நான் இன்னாத்தப் பாத்துக்கினு இருந்தேன்” என்றாள் அம்மா.

பாசஞ்சர் ரயிலில் விக்கிரவாண்டி தாண்டியதும்தான் ஹர்ஷினிக்கு அந்த இன்னொரு விஷயம் நினைவுக்கு வந்தது.

ஜினபாலன் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. அந்தப் பக்கத்துச் சமண நயினார் வீடுகளின் வழக்கம் அது. இருட்டில் தெரியாமல் ஒரு பூச்சி புழு உள்ளே போய்விடக் கூடாது. சர்வரை நிறுவ வந்தவர்கள், இதற்கு பேக்கப் என்று ஒன்று உண்டு, ராத்திரியில் தானே எல்லாவற்றையும் நகல் எடுத்து உள்ளே போட்டுக்கொள்ளும் என்று விளக்கியபோது ஜினபாலன் முகம் சுளித்தார். “ராத்திரில உள்ள போட்டுக்குமா? நம்ம வூட்ல இருந்துக்கினு அது மட்டும் இருட்டுல துன்றதா? பகல்லயே குடுத்துடுங்க” என்றார். வந்தவர்கள் வாடிக்கையாளர் சொல்வதைத் தட்டாதவர்கள். அதன்படி மாஸ்டரின் நகல் மாதக் கடைசி நாளில், சூரியன் இறங்குவதற்கு முன் எடுக்கப்பட்டு வந்தது. இருட்டியபின் நுழைந்த எதுவும் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டும்.

ஹர்ஷினி தை மாதத்தில் அந்த வீட்டுக்கு வந்தாள். மண்டி வேலையில் தனக்கும் ஒரு லாகின் வேண்டும் என்று கேட்டாள். பெயர் போடும் அதிகாரம் குணமதியிடம் இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்பாள் குணமதி. மாசியும் பங்குனியும் அப்படியே போய்க்கொண்டிருந்தன. குணமதிக்கு மருமகள்மேல் கோபம் என்று சொல்ல முடியாது, பழகவில்லை, அவ்வளவுதான். கேப்பைக் களியில் எல்லோரும் குழம்பு ஊற்றிக்கொள்ளும்போது ஹர்ஷினி நடுவில் குழி பறித்து மோர் ஊற்றிக்கொள்வாள். அதைப் பார்த்து, “களிக்கு மோரா? விழுப்புரத்துல அப்படித்தான் போல” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். சிரித்துக்கொண்டு சொல்கிறாளா இல்லையா என்று ஹர்ஷினியால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. பிறகு பங்குனிக் கடைசி நாளில், விளக்கு வைத்தபின், கொல்லைப்பக்கம் நின்று ஹர்ஷினி தன் அம்மாவிடம் போனில் “நல்லாத்தாம்மா இருக்கேன்” என்று சொல்வதைக் குணமதி கேட்டாள். சொன்ன குரல் நன்றாக இல்லை. குணமதி ஆபீசைத் திறந்து, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, “இங்க வா, உன் பேர நீயே பாத்துச் சொல்லு, தப்பா அடிச்சிடப் போறேன்” என்று கூப்பிட்டாள். நகல் அன்று மாலையே எடுத்து முடிந்திருந்தது. பெயர் போட்ட அந்தக் கணத்தில், ஹர்ஷினியைப் பற்றி அந்த வளாகத்தில் யார் யாருக்கு என்னென்ன தெரியுமோ அத்தனையும் மாஸ்டருக்குள் போய்ச் சேர்ந்தது. பெயரே போடாமல் விட்டிருந்தால் இன்று பாரூக்கைத் தெரிந்ததுபோல் அவளையும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மண்டி வாசலில் காவலுக்கு நிற்கும் விருத்தாசலம் அவளைத் தடுத்து, “யாருங்க?” என்று கேட்டார். அதில் புதிதாக ஒன்றுமில்லை. விருத்தாசலம் தினமும் காலையில் எல்லாவற்றையும் மறந்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அப்படி. சாயங்காலத்துக்குள் எல்லோரையும் தெரிந்துகொண்டு, சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டு, மறுநாள் புதிதாக வந்து நிற்பார். அன்றைய அமளியில் கலங்காமல் இருந்த ஒரே ஆள் அவர்தான். “இன்னாமோ எல்லாரும் இன்னிக்கி என்ன மாதிரியே கேக்குறாங்க” என்றார். ஹர்ஷினி வழக்கம்போல, தர்மேஷ் சம்சாரம் என்று சொன்னாள். அவர் வழிவிட்டார்.

உள்ளே, தர்மேஷ் எழுந்து நின்று, “நீங்க யாருங்க? பாரூக் பாய் அனுப்பிச்சாரா?” என்றான். தை மாதத்திலிருந்து அவளை ‘ஏய்’ என்று கூப்பிட்டவன். ரிப்பேர் பார்க்க வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு அவள் ஏசி அறைக்குள் போனாள்.

பொட்டியைத் திறந்து பார்த்ததில், மாஸ்டரைத் தைக்க வழியில்லை, இடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்று தெரிந்தது. நிறுவியபோது கொடுத்த சி.டி. தட்டைக் கொண்டு கட்டிவிடலாம். எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை மட்டும் பழையபடியே சொல்ல வேண்டும். விழுப்புரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் அதை மாற்றிச் சொல்லிவிட்டார்கள். அங்கே கூலி வாங்க நிற்கும் வரிசை இன்றுவரை பின்னாலிருந்துதான் நகர்கிறது. ஹர்ஷினி அதைச் சரியாகச் சொன்னாள். கட்டி முடிந்தபோது மாஸ்டர் வெறுமையாக, நிறுவிய அன்று இருந்ததுபோல் இருந்தது. மண்டியில் நின்றவர்களின் முகங்களும் பாஸ்போர்ட் போட்டோவில் இருப்பதுபோல் துடைத்துவிட்டாற்போல ஆயின. யாரும் பதறவில்லை. அவரவர் இருந்த இடத்தில் உட்கார்ந்து எதிரே பார்த்தார்கள்.

அதற்குமேல் இரண்டு வழிகள். ஒன்று, வெறும் மாஸ்டரில் எல்லோர் பெயரையும் புதிதாக எழுதி, டிஸ்க்கில் கிடக்கும் மண்டிக் கணக்கையும் வீட்டையும் அதோடு கோத்துவிடலாம். அப்படிச் செய்தால் எல்லோரும் எல்லோருக்கும் இன்றைக்கு அறிமுகமானவர்களாக இருப்பார்கள். அப்பனும் மகனும் இன்று சந்தித்தவர்கள். அவளும் அவர்களில் ஒருத்தி. யாருக்கும் கூடுதலில்லை, குறைவில்லை. மற்றது, மாதக் கடைசியில் எடுத்த அந்த நகலை மாஸ்டரின்மேல் மீட்டு எழுதுவது. எல்லோருக்கும் எல்லாம் திரும்பும். அவள் மட்டும் அதில் இருக்கமாட்டாள்.

ஹர்ஷினி முதல் வழியில்தான் கையை வைத்தாள். ஒருவேளை குணமதி புதிதாகப் பழகினால் வேறு மாதிரிகூட இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. முதல் பெயரை அடித்துக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே குணமதியின் குரல் கேட்டது. பாரூக்கிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“பாய், அந்தப் பெரியவருக்கு யாருமே இல்லியா? கால்லருந்து ஒண்ணும் சாப்பிடல. பொழுது போனா தொடமாட்டாரு போலக் கீது, ஆளப் பாத்தாலே தெரியுது. நம்ம வூட்ல போட்டாத் தப்பா நெனப்பாரா?”

ஹர்ஷினி அடித்த பெயரை அழித்தாள். ஒரு ஜென்மத்துக் குடித்தனத்தை மோர் விசாரணையிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மாஸ்டரை மீட்பதென்றால் சர்வரை ஒற்றை ஆளுக்கு மட்டும் திறக்கும் நிலையில் எழுப்ப வேண்டும். அவள் எழுப்பியதும் மண்டியிலும் ஒற்றைக் குரலுக்கு மட்டுமே இடம் இருந்தது. வாசலில் எடைமேடை கம்ப்யூட்டர் ஒன்று ஓயாமல் சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். அது முந்திக்கொண்டு உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான், எல்லோருடைய வாயும் அசைந்தது, சத்தம் வரவில்லை. எடைமேடை மட்டும், வண்டி எதுவும் ஏறாமலே, “மொத்த எடை பூஜ்யம், மொத்த எடை பூஜ்யம்” என்று கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தது. ஹர்ஷினி போய் அதன் வயரைப் பிடுங்கிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தாள். இப்போது குரல் அவளுக்கு வந்தது. தான் என்ன செய்கிறாள் என்பதை அவள் தனக்குத்தானே முணுமுணுத்தது மண்டி முழுக்கக் கேட்டது. நகலை எடுத்து மாஸ்டரின்மேல் எழுதச் சொல்லி உத்தரவு கொடுத்தபோது, “சரி, போவட்டும்” என்று அவள் சொன்னதையும் எல்லோரும் கேட்டார்கள். எது போகிறது என்று யாருக்கும் புரியவில்லை.

மீட்டு முடித்ததும், அந்த வகை வேலையில் வழக்கமாக ஆகிறபடி, சர்வர் தானாகவே நின்றது. அவள் அதைச் சாதாரணமாக எழுப்பினாள். பச்சை விளக்கு எரிந்தது. வெளியே ஜினபாலன் முதல் வேலையாக மகனைப் பார்த்து, “கால்லருந்து என் எதிர்ல கால்மேல கால் போட்டுக்கினு இன்னாடா உக்காந்துக்கினு கீற?” என்று கத்தினார். தர்மேஷ் சந்தோஷமாகத் திட்டு வாங்கினான். அருணா குணமதியிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு எல்லோரும் ஏசி அறையிலிருந்து வெளியே வந்த பெண்ணைப் பார்த்து, நன்றியோடு, யார் என்று தெரியாமல் சிரித்தார்கள்.

பாரூக் எவ்வளவோ சொன்னார். தர்மேஷ் கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திரும்பப் போட்டோவைப் பார்த்தான். “போட்டோல கீறது நீங்கதான். அதுல சந்தேகமே இல்லீங்க” என்றான். “ஆனா எனக்குத் தெரியலியே.” பீரோவில் அவளுடைய புடவைகள் இருந்தன. குளியலறையில் அவளுடைய சீப்பு. வீட்டுக்குள் எல்லாம் அவளுக்கு இருந்தது, வீட்டிலிருந்தவர்களிடம் மட்டும் இல்லை. இதுவும் மாஸ்டரை மீட்டால் வருகிற சங்கடம்தான். உள்ளே ஆளுக்கு இடம் இருக்கும், வாசலில் பெயர் இருக்காது. ஹர்ஷினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். விழுப்புரத்துக்கு அந்த நேரத்தில் பஸ் இருந்தது.

சாயங்கால வெயில் கொல்லை மாமரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. குணமதி அவசர அவசரமாகக் கூடத்தில் தட்டுகளை வைத்துக் கேப்பைக் களியைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜினபாலன் உட்காரப் போனவர் நின்றார்.

“இன்னா, ஒரு தட்டு கூடக் கீதே. பாய்க்கா?”

“எனக்கு வேணாம்மா, நான் வூட்டுக்குப் போய்த் துன்னுக்குறேன்” என்றார் பாரூக்.

குணமதி தட்டுகளைப் பார்த்தாள். “தெரியலியே. கைக்கு வந்துச்சி, எடுத்தேன்.” அந்தக் கூடுதல் தட்டில் களியின் நடுவே குழி பறித்திருந்தது. குழியில் மோர் ஊற்றியிருந்தது. அதைச் செய்த கையைக் குணமதி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “களிக்கு யாரு மோர் ஊத்துவாங்க?” என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். பிறகு வாசலில் பையோடு நின்றவளைப் பார்த்தாள்.

“நீயா?”

“ஆமா அத்தை.”

“இன்னா பழக்கமோ” என்றாள் குணமதி. இந்தத் தடவை சிரித்துக்கொண்டு சொன்னது ஹர்ஷினிக்குத் தெரிந்தது. “பைய அங்க வெச்சிட்டு உக்காரு. பொழுது போவுது பாரு.”

எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. குணமதி ஆபீசைத் திறந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பேர் என்ன என்று கேட்டாள். ஹர்ஷினி சொன்னாள். குணமதி ஒற்றை விரலால் அடித்து, சர்வரின் வாசலில் அந்தப் பெயரை எழுதினாள். வீட்டுக்குள் ஆளில்லாமல் இருந்த இடத்தை அதனோடு கோக்கும் வழியை ஹர்ஷினி சொல்லிக்கொடுத்தாள். வேலை முடிந்ததும் நகல் எடுக்க வேண்டும் என்றாள். சூரியன் அதற்குள் இறங்கிவிட்டிருந்தது. ஜினபாலன் நெடுநேரம் யோசித்தார். பொழுது சாய்ந்தபின் சாப்பாடு ஆகாது, ஆனால் அவர் வீட்டில் தண்ணீருக்குத் தடையில்லை. நகல் எடுப்பது சாப்பாடு அல்ல, தண்ணீர்தான் என்று அவர் முடிவு சொன்னார். அன்றிலிருந்து யார் பெயரை எந்த நேரத்தில் போட்டாலும் உடனே நகல் எடுக்கப்படுகிறது. அந்தப் பக்கத்து மண்டிகள் சிலவற்றில் இப்போது அதைத் தண்ணி காட்டுவது என்றே சொல்கிறார்கள். பாரூக்குக்கும் பெயர் போட்டுத்தருவதாக ஜினபாலன் சொன்னார். அவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டார்.

அன்றைக்கு முந்தைய மாதங்களில் ஹர்ஷினி அங்கே இருந்தது யாருக்கும் திரும்பவில்லை. லாகின் தராமல் தள்ளிப்போட்டதைக் குணமதி அறியாள். ஹர்ஷினியும் சொல்லவில்லை. தர்மேஷ் அவளை ‘வாங்க, போங்க’ என்று கூப்பிட்டுக்கொண்டு, அவள் எதிரே வந்தால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு திரிந்தான். ஆடி வாக்கில்தான் மறுபடி ‘ஏய்’ என்றான். கல்யாணம் எப்படி நடந்தது என்று அவன் அடிக்கடி கேட்பான். அந்த வீட்டில் அது அவள் ஒருத்திக்கு மட்டுமே உள்ளிருந்து தெரிந்த விஷயமாக இருந்தது. அவள் ஒவ்வொன்றாகச் சொல்வாள். ஒருநாள் சொல்லிக்கொண்டே வந்தவள், முகூர்த்த நேரத்தில் நல்ல மழை, நீங்கள் நனைந்துகொண்டேதான் மண்டபத்துக்குள் வந்தீர்கள் என்றாள். தை மாதத்தில் அன்று மழை பெய்யவில்லை, அவளாகச் சேர்த்தது. மறுநாள் காலை கூடத்துப் போட்டோவில் தர்மேஷின் பட்டுச் சட்டை தோள்பட்டையில் ஈரமாக இருந்தது, ஹர்ஷினியின் நெற்றியில் இரண்டு சொட்டு நின்றன. குணமதி தூசு துடைக்கும்போது அதைப் பார்த்தாள். துணியின் காய்ந்த முனையால் கண்ணாடியை ஒருமுறை ஒற்றியெடுத்துவிட்டு, களி கிண்டப் போனாள்.